சேஸிஸ் நம்பர்

அணைக்கட்டு ரோட்டில் கைவிட்ட கல்குவாரி.
மூன்று வருஷத்துக்கு முன் பின்பக்கமாக உருண்ட டிப்பர்
நாற்பதடி ஆழத்தில் ஒரு படிக்கல்லில் தங்கியிருக்கிறது.
லாரி வேண்டாம், நம்பர் வேண்டும்
என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி.
சேஸிஸில் பொறித்த பதினேழு எழுத்து.

"போட்டோ புடிச்சாந்துட்டா போதும்மா"
என்கிறார் வஜ்ஜிரவேலு, தலையில் ஈரத்துண்டோடு.
அக்னி நட்சத்திரம் ஏழாம் நாள்.
ரப்பர் உடுப்புக்குள் நான் ஏற்கெனவே நனைந்தாயிற்று.
கயிற்றின் மறுமுனை தஸ்தகீர் கையில்:
ஒரு இழுப்பு நலம், இரண்டு இன்னும் கயிறு,
மூன்று என்றால் எதையும் யோசிக்காமல் தூக்கிவிட வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று
எங்கள் ஊரைக் கேலி பேச ஒரு சொலவடை உண்டு.
இந்தக் குழியில் இருக்கிறது,
யாரும் குடிக்காத, எந்த வயலுக்கும் பாயாத
தொண்ணூறடிப் பச்சை.

தலைகீழாக இறங்கினேன்.
பதினைந்தடியில் தலை மார்கழிக்குள் போய்விட்டது,
கால் இன்னும் சித்திரையிலேயே உதைத்துக்கொண்டிருந்தது.

ஹேவ்லாக்கில் நாலு வருஷம்
தேனிலவு வந்தவர்களைக் கைபிடித்து இறக்கியவள் நான்.
பவளப்பாறை, கிளிமீன்,
கடல்தாமரைக்குள் குடியிருக்கும் ஆரஞ்சு மீன்.
விரலால் காட்டுவேன். அவர்கள்
கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
இங்கே காட்ட ஆளில்லை.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் வந்தது
'அங்காளம்மன் துணை'யில் துணை மட்டும்.
மீதியைப் பஞ்சு மூடிவிட்டது.
உயிருள்ள பஞ்சு, பாசி நிறம்,
கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வாயால்
குவாரியை வடிகட்டிக்கொண்டிருந்தது.
கண்ணாடி போன ஜன்னலில் நத்தைகள்.
டிரைவர் சீட்டில் ஜிலேபி மீன் ஒன்று.
என்னைக் கண்டதும் குஞ்சுகள் மொத்தமும்
அவள் வாய்க்குள் ஓடி ஒளிந்தன.
வாயை மூடிக்கொண்டு முறைத்தாள்,
ஹாரன் அடிக்காதது ஒன்றுதான் குறை.

முன்சக்கரத்தை ஒட்டிப் படுத்து வண்டலைத் துடைத்தேன்.
எம். ஏ. டி.
துடைக்கத் துடைக்கக் கலங்கியது.
தெளியட்டும் என்று டார்ச்சை அணைத்து
மேலே பார்த்தேன்.

வந்துகொண்டிருந்தன.

நாலணா அளவு, நாலணாவைவிட லேசு.
கண்ணாடியில் அச்சடித்தாற்போல் நடுவே நான்கு கோடு,
விளிம்பெல்லாம் இழை.
ஒன்று, பத்து, பிறகு எண்ணத் தோன்றவில்லை.
துடித்து ஏறும், ஏறியது போதும் என்று நிற்கும்,
சும்மா இறங்கும், மறுபடி துடிக்கும்.
ஜெல்லிமீன்.
உப்புக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம்.

நன்னீரில் ஒரு சாதி உண்டு என்று படித்திருக்கிறேன்,
கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு வருமாம்,
கல்லில் புள்ளியாய் வருஷக்கணக்கில் கிடந்து
சூடு ஏறும் மாதத்தில் எழுமாம்.
படித்தது வேறு.
ஒன்று என் முகக்கண்ணாடியில் மோதி
மன்னிப்புக் கேட்காமல் போனது.
செய்யவே கூடாது என்று
ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை
நானே செய்தேன்: மூச்சை நிறுத்தினேன்.

கயிறு அதிர்ந்தது. தஸ்தகீர் பயந்துவிட்டான்.
ஒரு இழுப்புக் கொடுத்தேன். நலம்.
அதற்குமேல் சொல்ல
எங்கள் கயிற்றில் வார்த்தை இல்லை.

மேலே வெயில் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.
"இன்னா ஹெப்சி, கெடச்சுதா?"
கேமராவைக் காட்டினேன். பதினாறு எழுத்து துல்லியம்.
கடைசி ஒன்று
மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.
"உள்ள வேற இன்னா கீது?"
"வண்டல்தான், அண்ணே."

நம்பர் ஒத்துப்போனால் கிரேன் வரும்.
பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

எட்டுதான். என் கட்டைவிரல்
அதன் இரண்டு வயிற்றையும் தடவிப் பார்த்திருந்தது.

"நாளைக்கு இன்னொரு தடவை இறங்கணும்" என்றேன்.
வஜ்ஜிரவேலு வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்,
"துட்டு அதே துட்டுதான்" என்றார்.

தஸ்தகீர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"சிலிண்டர் ரெண்டா கொண்டாரட்டா?"