கடைசி ஆள்

திருக்கோவிலில் சித்திரை விளையாட்டு விழா.
கயிறிழுத்தலுக்கு ஆஸ்பத்திரி அணியில் எட்டுப் பெண்கள் வேண்டும்.
ஏழு பேர் சேர்ந்ததும்
என்னைத் தேடிக் குசினிக்கே வந்துவிட்டார்கள்.
பருப்பு பாதி வெந்திருந்தது.

எண்பத்தாறு கிலோ.
கிளினிக் தராசில் ஏறினால்
கண்ணை மூடிக்கொள்கிறவள் நான்.
ஆட்டோவில் ஏறினால் அது ஒருபக்கம் சாயும்.
சிரிக்காத மாதிரி
டிரைவர் ரோட்டைப் பார்ப்பான்.
அதே எண்ணை இன்று கொப்பியில் எழுதி
அடியில் கோடும் போட்டான் பிசியோ ஜெயரூபன்.
"இவவப் பின்னுக்கு விடுங்க."

மணலில் குச்சியால் ஒரு படம் கீறினான்.
சாய்ந்த கோடு ஒன்று. அது நானாம்.
கோட்டின் நடுவில் ஒரு புள்ளி.
"உங்கட பாரம் முழுக்க இதுக்குள்ள இருக்கு எண்டு நினைங்க அக்கா.
இத நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்க.
காலுக்கு நேர மேல வெச்சிருக்காதீங்க, பின்னுக்குப் போகட்டும்.
கையால இழுக்க வேணாம்,
காலால நிலத்தத் தள்ளுங்க.
நிலம் திருப்பித் தள்ளும்."

"எனக்காக நிலம் ஏன் தள்ளப்போகுது?"
என்று கேட்டாள் தவமலர்.
அவள் நாற்பத்தொன்பது கிலோ.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எதிரில் பிரதேச செயலகம்.
முன்னுக்கு நின்றவள் சிஃபானா, சம்மாந்துறையிலிருந்து
மாற்றலாகி வந்தவள்; பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
அவர்களின் கடைசி ஆளை
என் இடத்திலிருந்து காணமுடியவில்லை.

விசில்.

ஒன்றும் நடக்கவில்லை.
பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்:
பதினாறு பெண்கள், நடுவில் ஒரு சிவப்புத் துணி,
அதுவும் அசையாமல்.
என் தொடை இரண்டும் கோழி மாதிரித் துடித்தன.
மேல்மணல் வழுக்கி வழுக்கி ஓடியது.
குதிக்கால் துளைத்துக்கொண்டு போய்
ஈரமணலைத் தொட்டதும்
பிடி கிடைத்தது.
இன்னும் சாய்ந்தேன்.
தென்னை உச்சி வந்தது. ஒலிபெருக்கியின் வாய் வந்தது.
பிறகு வெறும் வானம்.

இந்தச் சாய்வில் தனியே நின்றால்
எவளும் விழுவாள்.
நான் விழவில்லை.
முகம் தெரியாத ஒருத்தி
அந்தப் பக்கமிருந்து என்னைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கும் என்னை விட்டால் வேறு ஊன்றுகோல் இல்லை.

அவள் ஒள்ளுப்பம் மூச்சு விட்டாள்.
அது பதினாலு பேரின் கைகளைக் கடந்து
கயிறு வழியே என் தோளுக்கு வந்தது.
அப்போதுதான் நிலத்தைத் தள்ளினேன்.
ஓரடி.
தவமலர் என்னவோ கத்தினாள், வேதமோ தூஷணமோ.
இன்னோரடி.
மறுகா
அவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

வென்ற எட்டுப் பேரும்
ஒருத்தி மேல் ஒருத்தி மல்லாக்க விழுந்தோம்.
தோற்றவர்கள் நின்றபடி
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பைப்படியில் ஒருத்தி முகம் கழுவினாள்.
என் தோளில் கயிறு தேய்த்த அதே இடத்தில்
அவளுக்கும் ஒரு சிவப்புக் கோடு.
"எத்தினை கிலோ கா?"
சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"எண்பத்தொன்பது."
மூன்று கிலோ கூட.
"ஜெயரூபன் எங்களிட்ட வரல்லயே," என்றாள்.

அவளுக்கும் தம்பிலுவில்தானாம்.
ஒரே ஆட்டோ.
நான் இடது பக்கம், அவள் வலது பக்கம்,
பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் பேசின் நடுவில்.
வண்டி சாயவில்லை.
டிரைவர் வழக்கம்போல ரோட்டைப் பார்த்தான்.
பள்ளம் வந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் முனகினான், வண்டிக்காக.