எழுபத்திரண்டாம் துண்டு

மல்லாவி ஆசுப்பத்திரி, பத்தரை மணி.
கதவுக்குள் முதலில் வந்தது இருமல்,
பிறகு புஸ்பகாந்தன்.

எத்தினை நாள்? ஆறு.
சளியில் ரத்தம்? இல்லை.
காய்ச்சல்? முதல் இரண்டு நாள், லேசாய்.
படி ஏறினால் மூச்சு வாங்குதோ?
"எங்கட வீட்டில் படி இல்லை, டொக்டர்.
மரம் ஏறுவன். வாங்காது."

முதுகில் குழல் வைத்தேன்.
இழுங்கோ. விடுங்கோ.
இரண்டு பக்கமும் காற்று
தடங்கலில்லாமல் போய்வந்தது.
வலத் தோளுக்குக் கீழே ஒரு தழும்பு.
கேட்க முன்னமே
"அது பழசு" என்றார்.

"அந்தக் கறுப்பும் சிவப்பும் குளிசை தாங்கோவன்."
"இதுக்கு அது கேக்காது.
தானாய் மாறும், மூன்று கிழமையும் செல்லும்.
சுடுதண்ணி குடியுங்கோ. பீடியை விடுங்கோ.
படுக்க முதல் ஒரு கரண்டி தேன்..."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
"தேன் எடுக்கப் போய்க் குடிச்ச புகைதான் இது.
பதினொரு போத்தல்.
எல்லாம் கொழும்பு வானில போயிட்டுது."

மருந்து எழுதும் இடத்தில்
மூன்று கிழமை தள்ளி ஒரு திகதி எழுதினேன்.
ரத்தம் கண்டால், மூச்சு முட்டினால்,
உடம்பு இளைத்தால், அதுக்கு முன்னமே
எந்த நேரமும் வாங்கோ.

தலையாட்டினார். துண்டை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்,
பீடிக்கட்டுக்குப் பக்கத்தில்.