வழித்தடம் நான்கு, டிசம்பர்

"இந்தக் குளிருக்கு எது நல்லது?"
ஏறும்போதே கேட்கிறார்கள்,
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டியபடி,
மருந்துக்கடையில் இருமலைச் சொல்வதுபோல.

நான் வெறும் ஓட்டுநர்.
நூலகர் ஐலாவுக்கு இடுப்புவலி,
அக்டோபரோடு நின்றுவிட்டாள்.
நகராட்சி இன்னும் ஆள் போடவில்லை.
ஆகவே இனாரி ஏரியின் ஓரமாகப்
பதினொரு நிறுத்தம், மூவாயிரம் புத்தகம்,
உறுமும் ஒரு ஹீட்டர்,
எல்லாம் என் தலையில்.

சூரியன் மூன்றாம் தேதி போனது.
ஜனவரியில்தான் வரும்.
நண்பகலில் ஒரு மணிநேரம்
பேனா கழுவிய தண்ணீர்போல வானம் நீலமாகும்;
அதற்குள் தலைப்பைப் படித்துவிட்டால் உண்டு.

புதிதாய் வந்தவற்றில்
முதலில் எடுத்து நீட்டுவது
மீன்துறையில் எடைபோடும் ஒருத்தியின் கதையை.
பெரிதாக ஒன்றும் நடக்காது.
தராசு, உப்பு, அவள் சொல்லாமல் விட்ட ஒரு பொய்.
எல்லோரும் போனபின்
காலித் தராசில் தன் கையை மட்டும்
வைத்துப் பார்ப்பாள்.
அந்தப் பக்கத்தால்தான் நான்
ஏழாம் நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் தாமதமானேன்.
யாரும் புகார் செய்யவில்லை.
இப்போது அதற்கு எட்டுப் பேர் வரிசை.

பரிசு வாங்கிய நாவல் ஒன்றும் உண்டு,
பனியைப் பற்றியே நானூறு பக்கம்.
பனியகற்றும் வண்டி ஓட்டும் டோர்ஸ்டியிடம்
அதைக் கொடுத்தது என் பிழை.
திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில்:
'இப்படி விழாது.'
'இதுவும் இல்லை.'
'இவர் தெற்கே உட்கார்ந்து எழுதுகிறார்.'
முந்நூற்றுப் பன்னிரண்டில் மட்டும்
'ம்.'
ஐலாவாக இருந்தால் அழித்திருப்பாள்.
நான் அந்தப் பிரதியைத்தான் சிபாரிசு செய்கிறேன்.
அந்த 'ம்' வரைக்கும் பொறுத்துப் போங்கள்.

ரவுனி கறாராகச் சொன்னாள்:
பனி என்ற சொல்லே இல்லாத புத்தகம் வேண்டும்.
தேடிக் கொடுத்தேன்.
எலுமிச்சைத் தோட்டம், பங்காளித் தகராறு,
பக்கத்துக்குப் பக்கம் வெயில்.
அப்பம்போல உப்பித் திரும்பி வந்தது.
சவுனாவில் உட்கார்ந்து படித்தாளாம்.
"வெயில் போதவில்லை" என்றாள்.

ஆந்தேவுக்கு ஒன்பது வயது.
அவன் வீட்டில் பேசும் சாமி மொழியில்
இந்த ஆண்டு எங்கள் வண்டிக்கு வந்தவை மூன்று.
மூன்றையும் நவம்பருக்குள் முடித்துவிட்டான்.
நாலாவது எங்கே என்று
அலமாரியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
என்னத்தைச் சொல்ல.
முதலாவதையே மறுபடி எடுத்துக்கொண்டான்:
"போன தடவை பனிமான் ஏரிக்குள் விழுந்துவிட்டது.
இந்தத் தடவை பார்ப்போம்."

பதினொன்றாம் நிறுத்தத்தில் யால்மரி.
ஆறு வருடமாக வருகிறார், ஹீட்டருக்காக.
ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை.
கையுறையை உலர்த்துவார்,
பாதை வழுக்குகிறதா என்று விசாரிப்பார்,
இறங்கிவிடுவார்.
அன்றைக்கு,
"நீ என்ன படிக்கிறாய்?" என்றார்.

ஊருக்கெல்லாம் சீட்டெழுதும் என்னிடம்
அதை ஒருவரும் கேட்டதில்லை.
இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்தேன்.
மெல்லிய புத்தகம்,
படகுக்குக் காத்திருக்கும் இரண்டு சகோதரிகள்.
கடைசித் தாளை எவர் வீட்டு நாயோ தின்றுவிட்டது.
கணக்கிலிருந்து நீக்கிய பிரதி.

"முடிவு?"
"தெரியாது. நானே இன்னும் பாதியில்."
"அப்படியென்றால் கொடு" என்று
கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.
அவர் திறந்த கதவு வழியே
மைனஸ் இருபத்தெட்டு உள்ளே ஏறியது.

அடுத்த சுற்று பதினான்கு நாள் கழித்து.
மூவாயிரம் புத்தகத்தோடு திரும்பி ஓட்டுகிறேன்,
படிக்க ஒன்றுமில்லை.
அக்காக்காரி படகில் ஏறினாளா?