ஆட்டக் கணக்கு, 1912

எட்டு ஆட்டம். வெற்றி ஒன்று,
அதுவும் தபாலாபீஸ்காரர்கள்
ஏழு பேராய் வந்த அன்று.

முழங்கால் போனபின்
காலேஜ் அணியில் எனக்கு மிஞ்சியது
இந்த நோட்டுப் புத்தகம்.

பினாங்குத் திடலில்
கோல் கம்பத்துக்குப் பின்னால் மதில்,
மதிலுக்குப் பின்னால் கடல்.
ஓங்கி உதைத்த பந்தை
எடுத்துத் தர இரண்டு காசு
சம்பான்காரன் ஆ சூனுக்கு.
இடைவேளை எலுமிச்சைக்குக்கூட
அவ்வளவு செலவில்லை.

நாகரத்தினத்தின் நெற்றியில்
திருநீற்றுக்குக் குறுக்கே
பந்து நாடாவின் தழும்பு.
நனைந்த தோலை முட்டாதேடா என்றால்,
"மேலேயிருந்து வருவதை
வேறெதால் வாங்குவது?"

லிம் கிம் சுவீ
சடையைத் தொப்பிக்குள் சுருட்டி ஆடியவன்.
இந்த வருஷம் சடையும் இல்லை, தொப்பியும் இல்லை.
வேகம் மட்டும் பழையபடியே.

கடைசி ஆட்டம்
நங்கூரமிட்ட கப்பலின் மாலுமிகளோடு.
ஒன்றுக்கு ஒன்று. மணி ஆறேகால்.
செய்யது நெய்னா உதைத்தான்.
வலையில்லாத கம்பம்;
உள்ளே போயிற்றா, மேலே போயிற்றா?
நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆ சூன் அன்றைக்கு வரவில்லை.
நீர் இறங்கும் நேரம்.
இருபத்திரண்டு பேரும் மதிலேறி நின்று பார்த்தார்கள்,
நொண்டி நொண்டி நானும்:
பழுப்புப் புள்ளி ஒன்று
பட்டர்வொர்த் பக்கமாய்,
அவசரமே இல்லாமல்.

ஒரு மாலுமி தொப்பியைக் கழற்றினான்.
யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.

முடிவு என்ற கட்டம் இன்னும் காலி.
செலவுப் பக்கத்தில் மட்டும்
பந்து ஒன்று, மூன்றரை வெள்ளி.
தலைமையாசிரியர்
இதுவரை கையெழுத்துப் போடவில்லை.