வெளிப்பெட்டி

இரவுப் பணி முடிந்து
காலை எட்டரைக்கு நான் படுக்கும்போதுதான்
கொசப்பேட்டை குக்கர் வைக்கும்.
மொட்டைமாடிக்குக் கீழே ஒற்றை அறை.
பதினொரு மணிக்குக் கூரை
தோசைக்கல் பதத்துக்கு வந்துவிடும்.

அக்னி நட்சத்திரம் பிறந்து ஆறாம் நாள்
ஏசி வெறும் காற்றை அனுப்பத் தொடங்கியது.
ரிமோட்டில் பதினெட்டு.
தலையணையில் முப்பத்தாறு.

தஸ்தகீர் மூன்று நாள் கழித்து வந்தார்.
"சத்துவாச்சாரியில நாலு, காகிதப்பட்டறையில ரெண்டு,
லாட்ஜுக்காரங்க போனை வைக்கவே விடறதில்லம்மா."
பிரஷர் மீட்டரை மாட்டினார்.
நான் பிரஷர் பார்க்கையில் நோயாளி
என் முகத்தைப் பார்ப்பதுபோல
அவர் முகத்தையே பார்த்திருந்தேன்.

கேஸ் இல்லை. காயிலில் ஓட்டை.
"அடைச்சு ஏத்தினா நாலாயிரத்து ஐநூறு.
இந்த வெயிலைத் தாண்டிடும்,
அடுத்த வெயிலுக்கு நான் பொறுப்பில்ல.
புதுசுன்னா முப்பத்தெட்டு."
அந்தத் தொனி எனக்குத் தெரியும்.
வார்டு வாசலில் உறவினரிடம்
முடிவைக் கொடுத்துவிட்டு
நாங்கள் அரையடி பின்னால் நகர்கிற தொனி.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

யோசிக்கத் தூக்கம் வேண்டும்.
ஈரத்துண்டு, தரை, மறுபடி ஈரத்துண்டு.
நாலாம் இரவு
கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம்
ஊசி போடுமுன் பெயரை மூன்று முறை கேட்டேன்.
மூன்று முறையும் சிரித்தபடி சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிப்பெட்டி இருப்பது
பரிபூரணத்தின் சமையலறை ஜன்னலுக்கு நேரே.
எனக்கு வேண்டாத சூடெல்லாம்
இரண்டு கோடையாக அவள் குழம்புக்குப் போனது.
ஒருநாள் சண்டை.
மறுநாள் ஜன்னலில் அட்டை அடித்தாள்.
அதற்குப் பிறகு பேச்சில்லை.

இந்த வாரம் அட்டையைப் பிரித்திருந்தாள்.
கரண்டி விழுவது கேட்டது,
எண்ணெயில் கடுகு, மகனை அதட்டுவது,
யாருமில்லாதபோது தனக்குத்தானே கணக்குப் போடுவது.
சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.
கோபம் வந்தது.

பகல் பன்னிரண்டுக்குக் கதவு தட்டினாள்.
"இன்னாம்மா, அஞ்சு நாளா
உன் பைப்புல தண்ணியே காணோம்?"

சந்தில், என் வடிகுழாய்க்குக் கீழே
பச்சை வாளி ஒன்று இருந்திருக்கிறது.
நான் எட்டிப் பார்த்ததே இல்லை.
நாளுக்கு ஒன்றரை வாளி.
பாத்ரூம் கழுவ, மாப் போட,
குழாய்த் தண்ணீர் எட்டு நாள் வராதபோது
துணி அலசவும்.
"சூடு சூடுதான். இல்லன்னு சொல்லல.
தண்ணி தண்ணிதானே."

பதினெட்டு மாதத் தவணையில் புதியது வந்தது.
வெளிப்பெட்டியை மாடிக்கு ஏற்றச் சொன்னேன்.
செம்புக் குழாய் கூடுதல் மூன்று மீட்டர்,
மீட்டருக்கு எண்ணூற்றைம்பது. தஸ்தகீர் குறைக்கவில்லை.
"வடிகுழாயையும் மாத்திடலாமா?"
அது அங்கேயே இருக்கட்டும்.
"சொட்டுதுன்னு சண்டைக்கு வருவாங்கம்மா,
அனுபவத்துல சொல்றேன்."

சூடு எங்கேயும் போய்விடவில்லை.
மாடியில், காயப்போட்ட வடகத்துக்கு மேலே,
வேலூர் வெயிலோடு வெயிலாக நிற்கிறது.
வடகம் கீழ்வீட்டுக்காரருடையது.
அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மதியம். பாதித் தூக்கம்.
சொட்டுகிற ஒலி மெல்ல மெல்லத் தடித்து
வாளி நிறைவதைச் சொல்கிறது.
பிறகு ஒரு கைப்பிடியின் கிரீச்.
பிறகு, காலி பிளாஸ்டிக்கில்
முதல் சொட்டு.
திரும்பிப் படுக்கிறேன்.