இறுகும் நேரம்

மூன்று பேர் மூன்று தரம் கேட்டார்கள்
பெயர், பிறந்த திகதி, எந்தக் கால்.
மூன்று தரமும் வலது என்றேன்.
நாலாவதாக டொக்டர் மெல்னிக் வந்து
முழங்காலுக்கு மேலே நீல மையால்
தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்.
நானும் அப்படித்தான்.
முதல் ஓடு பதிக்க முன்னம்
தரையில் பென்சிலால் ஒரு கீறு.
கீறாமல் தொடங்குகிறவன்
கடைசிச் சுவரடியில் குந்தியிருந்து அழுவான்.

இருபத்தாறு வருடம்
எட்மன்டன் வீடுகளுக்குத் தரை போட்டவன் நான்.
மில்வூட்ஸில் மட்டும் எத்தனை குசினி, எத்தனை குளியலறை,
கணக்கு என்னிடம் இல்லை.
முழங்கால் எழுதி வைத்திருந்தது.
எக்ஸ்ரேயில் விரலை வைத்துக் காட்டினார்,
எலும்போடு எலும்பு உரசுது, நூலளவும் இடமில்லை.
இடைவெளி விடாமல் பதித்த
மடையன் எவன் என்று யோசித்தேன்.

பதினாலு மாதம் பட்டியலில் கிடந்தேன்.
படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கி
பிறகு இறங்காமலே விட்டு
நிலவறையில் ஒரு கட்டில்.
பவளராணி மேலேயிருந்து தொலைபேசியில் கேட்பாள்,
தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?
ஒரே வீடு. இரண்டு தொலைக்காட்சி.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் முடிந்துபோனேன்.
நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணி,
அந்தப் பக்கம் வானொலியில் மெதுவாக ஹொக்கி.

வாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்,
நெருக்கப் பல் அலகு, நல்ல வேகம்.
பிறகு சுத்தியல்.
மூன்று தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு.
மட்டம் பார்க்கிறார்.
தேவையில்லாமல் ஒரு அடி விழவில்லை.
இவரை என் வேலைக்கு எடுத்திருப்பேன்,
சொன்ன சம்பளத்துக்கு.

நகப்பூச்சு மாதிரி ஒரு மணம் வந்தது.
சீமெந்து குழைக்கிறார்கள்.
பொறுக்க முடியாமல் துணிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்,
இறுக எவ்வளவு நேரம்?
யாரோ சிரித்தார்கள். சுத்தியல் நின்றது.
பன்னிரண்டு நிமிடம்.
எனக்கு ஒரு இரவு வேணும் என்றேன்,
விடியும்வரை ஒருவரும் மிதிக்கக் கூடாது.
டொக்டர் சொன்னார்,
இன்றைக்குப் பின்னேரமே நீ மிதிப்பாய்.

மிதித்தேன்.
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மரிசெல் வாரத்தில் இரண்டு நாள்
பாகைமானி கொண்டுவருவாள்.
எழுபத்தெட்டு. எண்பத்தொன்று. தொண்ணூறு வரவேணும்.
பிள்ளை, நான் மூலைமட்டத்தோடு சீவித்தவன்,
இந்த நகரத்தில் ஒரு சுவர் மூலையும்
சரியாகத் தொண்ணூறு இல்லை என்றேன்.
சரி என்று சொல்லிக்கொண்டே
குதிக்காலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமத்தினாள்.
அம்மா!
அவளுடைய மொழியில் கிட்டத்தட்ட அதே சொல்
அப்பாவைக் குறிக்குமாம்.
இரண்டு பேரையும் கூப்பிட்டதாக வைத்துக்கொள் என்றேன்.

தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலம்
தொட்டால் தெரிவதில்லை.
கராஜில் என் முழங்கால் காப்புகள்
ஆணியில் தொங்குகின்றன,
கால் இல்லாமலே மடிந்தபடி.
வெட்டியெடுத்த எலும்பு எங்கே போனது என்று
நான் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது மேலேதான் படுக்கிறேன்.
பதின்மூன்று படி, கைப்பிடியோடு.
பவளராணி நடுவில் ஒரு தலையணை வைக்கிறாள்,
காலுக்காம்.

நேற்று இரவு இடதுகால் குத்தத் தொடங்கியது.
பனி வருது, சவலை உள்ளே எடுத்து வை என்றேன்.
வானத்தில் ஒரு மேகம் இல்லை என்றாள்.
விடிய எட்டு அங்குலம்.

இடதுக்கு இன்னொரு பட்டியல், இன்னொரு குளிர்காலம்.
வலது ஒன்றும் சொல்லவில்லை.
விமானத்தால் இறங்கி நேரே வந்தவன் மாதிரி
மெல்லிய சேர்ட்டோடு
யன்னலடியில் நிற்கிறது,
வெளியே என்னவென்று தெரியாமல்.