இங்கே என்றால் எங்கே

முதல் மாதம் முழுக்க
"இதோ, இங்கே பாருங்க" என்றுதான் நடத்தினேன்,
தண்டையார்பேட்டை வாடகை வீட்டில்
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்,
இருபத்தெட்டு சாம்பல் வட்டங்களுக்குப்
புள்ளியியல்.

வட்டத்துக்குள் ஓரெழுத்து.
டெ, டெல்ஃபின். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு
இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்.
ஃபா, ஃபாசில். துறைமுக வரிசையில்
நகராத கண்டெய்னர் லாரியின் கிளீனர் சீட்.
மு யாரென்று தெரியாது, மைக்கைத் திறந்ததே இல்லை.
டேட்டா தீர்ந்தால் வட்டம் அணையும்.
'வரவில்லை' என்று குறித்துக்கொள்வேன்,
அவ்வளவு சுலபமாக.

ஒரு ராத்திரி பதினொன்றே காலுக்கு
மு அனுப்பிய குரல் பதிவு. பதினாலு நொடி.
"மிஸ், நான் முகிலரசி. எனக்குக் கண் தெரியாது.
கம்ப்ளெய்ன்ட் இல்ல மிஸ், ஒரு டவுட்டு.
இங்கே இங்கேன்னு சொல்றீங்களே,
இங்கேன்னா எங்கே?"

பின்னால் கூட்ஸ் வண்டி ஒன்று
பதிவு முடிந்தும் போய்க்கொண்டே இருந்தது.

பதினாறு வருஷம்
என் விரல்தான் பாடம் நடத்தியிருக்கிறது.
நான் சும்மா
பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

"நேர்முக வகுப்புக்கு எப்படி வருவே?" என்று கேட்டேன்.
"வியாசர்பாடியிலிருந்து பஸ் மிஸ். பாலம் ஏறி இறங்கணும்."

படத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி பதிந்தேன்.
ஒன்றரை எம்பி. குரல் மட்டும்.

முகிலரசி, அந்த வளைகோடு ஒரு பாலம்.
முதலில் கிட்டத்தட்டத் தரை.
அப்புறம் டிரைவர் கியரைக் குறைப்பார்,
உன் முதுகு சீட்டில் அழுந்தும்.
உச்சியில் எஞ்சின் ஒரு கணம் இரைச்சலை விடும்:
அங்கேதான் சராசரி. கூட்டமும் அங்கேதான்.
பிறகு கம்பியை இறுக்கிப் பிடிப்பாய்,
ஏறிய அளவுக்கே இறக்கம்.

டெல்ஃபின் எழுதியிருந்தாள்:
வீடியோ வேணாம் மிஸ், இது நிக்காம ஓடுது.
ஃபாசில் நாலு தடவை கேட்டானாம்,
லாரி பத்தடிகூட நகரவில்லையாம்.

முகிலரசி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள், பஸ் இரைச்சலோடு:

"மிஸ், இப்ப பாலத்து மேலதான் இருக்கேன். எண்ணிட்டே வந்தேன்.
ஏறினது பத்தொம்போது.
இறக்கம் முப்பத்தொண்ணு, இன்னும் முடியல.
ரெண்டு பக்கமும் ஒரே அளவு இல்லையே,
அப்ப இந்த மாதிரி கோட்டுக்கு
வேற பேர் இருக்கா?"

இருக்கிறது. கோட்டளவை.
அடுத்த மாதப் பாடம்.

குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது.
மைக்கைத் திறந்தேன்.